பல்வலி அன்று வெளியான கணிப்பு

கணிப்பாளரின் இடது கன்னம் மரத்துப்போயிருந்த நாளில்தான் அந்த அறிக்கை வெளியானது. காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடியே அலுவலகத்துக்கு வந்திருந்தார். அன்று முழுக்க வாயைத் திறக்கக் கூடாது என்பது பல் டாக்டரின் உத்தரவு. திறந்திருந்தாலும் பிரயோஜனமில்லை; பாதி உதடு அவர் சொன்ன பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை.

அவருடைய தொழில் செம்பு விலையை முன்கூட்டியே சொல்வது. எந்த மலையில் தோண்டுகிறார்கள், எந்த ஊரில் உருக்குகிறார்கள், எந்தத் துறைமுகக் கிடங்கில் எவ்வளவு தூங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். ஆண்டு முடிவில் விலை எங்கே நிற்கும் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுதுவார். அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவர்கள் ஏராளம். வாரம் ஒரு நாள் டிவியிலும் வருவார். கோட்டு, கண்ணாடி, மேசைமேல் கோத்து வைத்த இரண்டு கைகள். பார்த்தாலே நம்பத் தோன்றும் முகம். அந்த முகத்துக்கே பாதிச் சம்பளம் கொடுக்கலாம்.

அந்தத் தொழிலில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு பழக்கம் உண்டு. அறிக்கையை அனுப்புவதற்கு முன்னால், மற்ற நிறுவனங்களில் இதே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு போன் போடுவார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். பிள்ளைகள் படிப்பு, உடம்பு, வெயில் என்று நாலு வார்த்தை பேசிவிட்டு, "செம்பு எப்படி, ஏறுமுகம்தானே?" என்று தூண்டில் போடுவார்கள். எதிர்முனையில் இருப்பவரும் இன்னொரு தூண்டிலோடுதான் உட்கார்ந்திருப்பார். போனை வைக்கும்போது இருவருக்கும் வேண்டியது கிடைத்திருக்கும். அதன்பிறகு தன் எண்ணை எடுத்து, பஸ்ஸில் இருவர் உட்கார்ந்திருக்கிற சீட்டில் மூன்றாமவர் ஒடுங்கிக்கொள்வது போல, மற்றவர்களின் எண்களுக்கு நடுவில் வைத்துவிடுவார்கள். கும்பலோடு சேர்ந்து தப்பாகச் சொன்னால் உலக நிலவரம் அப்படி என்று போய்விடும். தனியாகத் தப்பாகச் சொன்னவனுக்குத்தான் வேலை போகும். இதில் ஏதோ குறை இருப்பதாக நம் கணிப்பாளர் நினைத்ததே இல்லை. சொல்லப்போனால் அதுதான் அவருக்குச் சோதனைக் கருவி. தன் எண் மற்றவர்களிடமிருந்து ரொம்ப விலகியிருந்தால், எங்கோ கை தவறியிருக்கிறது என்று திரும்பப் பார்ப்பார்.

அன்று வாய் ஒத்துழைக்காததால் அவர் யாருக்கும் போன் போடவில்லை.

கை அன்று தவறித்தான் இருந்தது. பழைய கணக்கை நகலெடுத்து அதில் புதிய எண்களை ஒட்டுவது வழக்கம். வலி மாத்திரையின் மயக்கத்தில், ஆலைகளுக்குத் தேவைப்படும் செம்பைக் கிடங்கு இருப்புக்கான கட்டத்திலும், கிடங்கு இருப்பைத் தேவைக்கான கட்டத்திலும் மாற்றி ஒட்டிவிட்டார். பற்றாக்குறை என்று வரவேண்டியது தேக்கம் என்று வந்தது. ஏறும் என்று வரவேண்டிய விலை, ஆண்டு முடிவதற்குள் கால்வாசி விழும் என்று வந்தது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? கொடுத்ததைக் கூட்டிக் கழித்தது. அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அதை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் டிவிக்காக வரைபடம் தயாரிக்கும்போதுதான் தப்பு கண்ணில் பட்டது. எழுந்து நேராக இயக்குநரின் அறைக்குப் போனார். அந்த அம்மாள் குரலை உயர்த்தாமலே நிறுவனத்தை நடத்துகிறவர். விஷயத்தைக் கேட்டதும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார்.

"மேடம், கட்டம் மாறிப்போச்சு. விலை விழாது, ஏறும். இன்னிக்கே திருத்தம் போட்டுடலாம்."

"யார் யார் படிச்சிருக்காங்க?"

"எல்லாரும்."

"அப்ப திருத்தத்தையும் எல்லாரும் படிப்பாங்க." அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த அறிக்கையில கொஞ்சம் ஏத்துங்க. அதுக்கடுத்ததுல இன்னும் கொஞ்சம். நிலவரம் மாறிடுச்சுன்னு எழுதுங்க. நிலவரம் எப்பவும் மாறத்தானே செய்யும்?"

"ஆனா இது தப்பான எண், மேடம்."

"இத்தனை வருஷத்துல நீங்க சொன்னது எத்தனை தடவை சரியா வந்திருக்கு?" குத்திக்காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை, உண்மையாகவே யோசிக்கச் சொன்னார். கணிப்பாளர் விரல்விட்டு எண்ணப் பார்த்தார். "அதுக்கெல்லாம் நாம திருத்தம் போட்டோமா?"

கணிப்பாளர் கதவைத் திறந்துகொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார்.

அதற்குள் போன்கள் வர ஆரம்பித்தன. இந்த முறை மற்றவர்கள் அவரை அழைத்தார்கள். "சார், கால்வாசி விழும்னு தனியா நின்னு சொல்லியிருக்கீங்க. ஏதாவது தெரியாம சொல்ல மாட்டீங்களே" என்றார் ஒருவர். கணிப்பாளர் மனம் பொறுக்காமல், "பல்வலிங்க, அதுல எழுதினது" என்று சொல்லிப் பார்த்தார். எதிர்முனையில் ஒரு பெரிய சிரிப்பு. "சொல்ல வேண்டாம்னா விடுங்க சார், புரியுது" என்று போனை வைத்தார் அவர். சில நாளில் அவருடைய நிறுவனமும் தன் எண்ணைக் கீழே இறக்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. மாதம் முடிவதற்குள் தப்பான எண்ணைச் சுற்றி நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது.

டிவியில் காரணம் கேட்டார்கள். காரணம் கடைவாய்ப் பல் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கேமரா முன்னால் கைகளைக் கோத்துக்கொண்டதும் வேறு காரணங்கள் வாயில் வந்தன. கட்டுமான வேலைகள் மந்தம், வட்டி உயர்வு, அலுமினியத்துக்கு மாறும் ஆலைகள். எல்லாம் உண்மையான விஷயங்கள்தான். எதிர்ப்பக்கம் பேசவும் இதே அளவு உண்மையான விஷயங்கள் அவரிடம் கைவசம் இருந்தன. தடுமாறாமல் பேசி முடித்து வெளியே வந்தபோது அவருக்கு உள்ளூரப் பயம் பிடித்தது. நம்பிச் சொன்ன நாட்களில் நாக்கு எப்படிச் சரளமாகப் புரண்டதோ, நம்பாமல் சொன்ன இன்றும் அப்படியே புரண்டிருந்தது.

அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத இன்னொரு சங்கதி, அவருடைய அக்கா கைரேகை பார்க்கிறவள். அப்பாவும் அதே தொழில்தான். பையனைப் படிக்க அனுப்பினார், பெண்ணிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கேட்பவர்களிடம் கணிப்பாளர், "அக்கா சொந்தமா தொழில் பண்றாங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். மேற்கொண்டு யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அக்காவின் கடையும் அத்தானின் கடையும் ஒரே கட்டடம். ஒரு பிளைவுட் தடுப்புதான் நடுவில். முன்பக்கம் அக்காவின் மேசை, ஒரு விளக்கு, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச். பின்பக்கம் அத்தானின் மோட்டார் வைண்டிங். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பார். கை பார்க்க வந்தவர்கள் உடுப்பிலெல்லாம் வார்னிஷ் வாசனையோடு திரும்பிப் போவார்கள். மோட்டாரோடு வருகிறவர்களிடம் அத்தான் தன் பெண்டாட்டியைப் பற்றி அளக்காமல் விடமாட்டார். "முன்னாடி ஒரு நிமிஷம் கையைக் காட்டிட்டுப் போங்க. அவ சொன்னா சொன்னதுதான்" என்பார். விளம்பரத்துக்காக அல்ல, அந்த மனிதர் நிஜமாகவே அப்படி நம்பினார்.

உருவிப் போட்ட பழைய கம்பியை அவர் உடனுக்குடன் விற்பதில்லை. மூட்டை கட்டி மூலையில் அடுக்கி வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்தது, சுவர் உயரத்துக்கு வந்திருந்தது. அவர்கள் வீட்டில் சேமிப்பு என்று சொல்ல அதைத் தவிர வேறில்லை. இப்போது கட்டடத்தின் சொந்தக்காரர் அதை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் குடியிருந்தவர்கள் என்பதற்காக முதல் வாய்ப்பை இவர்களுக்கே கொடுத்தார். ஆண்டு முடிவதற்குள் முன்பணத்தைக் கட்டினால் கட்டடம் இவர்களுக்கு, இல்லாவிட்டால் வெளியாளுக்கு. மூட்டைகளை அன்றைய விலைக்குப் போட்டால் முன்பணம் சரியாக வரும் போலிருந்தது. மீதிக்கு வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.

இந்த நிலையில்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, காப்பரை நாளைக்கே போட்டுடலாம்ங்கறார் உங்க அத்தான். விழப்போகுதுன்னு நீ டிவியில சொன்னியாமே, அதைக் கேட்டதுலேருந்து மனுஷன் தூங்கல. காயலான் கடைக்காரர் காலையில வண்டியோட வர்றார்."

"நாளைக்கா?"

"ஏன், சரிதானே?"

கணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரில் வருவதாகச் சொல்லிவிட்டு அலுவலகத்திலிருந்து கிளம்பினார். தன் கை தவறியதால் முகம் தெரியாத ஆயிரம் பேர் ஏமாந்தால் அது வேறு. அக்காவும் அத்தானும் அதை நம்பிப் பயந்து, ஏறப்போகிற பொருளை அவசரமாகத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்கு வட்டி கட்டிக்கொண்டு கிடப்பதை அவரால் பார்க்க முடியாது. அப்படித்தான் அவர் நினைத்தார். அந்த நினைப்பில் கள்ளம் எதுவும் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

போனபோது அக்கா ஒரு பெண்ணுக்குக் கை பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் பெஞ்சில் காத்திருந்தார். அந்தப் பெண்ணின் கணவன் வேலைக்கென்று வெளியூர் போய்ப் பேச்சில்லாமல் இருந்தான். அக்கா எடுத்த எடுப்பில் எதுவும் சொல்லவில்லை. முதலில் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகள் உண்டா, மாமியார் பேசுகிறாளா, கடைசியாக எப்போது பணம் வந்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். அதற்கெல்லாம் பிறகுதான் பூதக்கண்ணாடி வந்தது. "வருவார். கொஞ்சம் இழுபறி இருக்கும். நீங்களா ஒரு தடவை பேசிப் பாருங்க" என்றாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

கணிப்பாளருக்கு அந்த வாக்கியம் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. நீண்ட காலத்தில் ஏற்றம், இடைக்காலத்தில் ஏற்ற இறக்கம் என்று அவரே எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறார். அவருடைய வாடிக்கையாளர்களும் இப்படித்தான் கொஞ்சம் தெம்போடு எழுந்து போயிருப்பார்கள். அந்த நினைப்பு பிடிக்காமல் பெஞ்சிலிருந்து எழுந்து பின்பக்கம் போனார்.

அத்தான் வார்னிஷ் கையைத் துணியில் துடைத்தபடி, "வாங்க டிவிக்காரரே!" என்றார். "இன்னிக்குக் கோட்டைக் காணோம்?"

"அத்தான், நாளைக்கு வண்டி வர வேண்டாம்னு சொல்லிடுங்க. விக்காதீங்க."

அத்தானின் கை துணியிலேயே நின்றது. அக்காவும் தடுப்பைத் தாண்டி வந்து நின்றாள். கணிப்பாளர் எல்லாவற்றையும் சொன்னார். பல், மாத்திரை, மாறிப்போன கட்டம், கதவைச் சாத்திய அம்மாள், எதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சு லேசாயிற்று.

"அப்போ ஏறுமா?" என்றார் அத்தான்.

"ஏறும். சரியான கணக்கை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துட்டேன். கிடங்குல சரக்கு இல்ல, ஆலைகளுக்குத் தேவை இருக்கு. ஏறாம எங்க போகும்? ஆண்டு முடியும்போது போட்டீங்கன்னா முன்பணம் போக மேலயும் நிக்கும். வட்டிக்கு வாங்கறது அந்த அளவுக்குக் குறையும்."

"இன்னிக்கு விலைக்கே போதுமே மச்சான். ஆசைப்பட்டு எதுக்கு?"

"ஆசை இல்ல அத்தான். என் தப்பால நீங்க நஷ்டப்படக் கூடாது."

அத்தான் அக்காவைப் பார்த்தார். எந்த முடிவானாலும் அவர் அந்தப் பக்கம்தான் பார்ப்பார். அக்கா மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நம்ம வீட்டுல நமக்குன்னு யாரும் பார்த்ததில்ல" என்றாள். அப்பாவின் விதி அது. வெளியார் யார் வந்தாலும் கை பார்ப்பார், சொந்தக்காரர் கையை மட்டும் தொட மாட்டார். பரீட்சைக்குப் போகிற நாளில் கணிப்பாளர் அழுது அடம்பிடித்துக் கையை நீட்டியிருக்கிறார். அப்பா அந்தக் கையில் பேனாவைக் கொடுத்து அனுப்பினாரே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவும் அதே கட்சி. காரணம் கேட்டால் சிரிப்பாள்.

கணிப்பாளர் இப்போது சிரித்தார். "அக்கா, இது கைரேகை இல்ல. கணக்கு."

அக்காவின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, "சரி. நீ நம்மகிட்ட பொய் சொல்ல மாட்டே" என்றாள். அத்தான் போனை எடுத்துக் காயலான் கடைக்காரரை வர வேண்டாம் என்று சொன்னார்.

செம்பு அடுத்த மாதமே இறங்க ஆரம்பித்தது.

முதலில் கொஞ்சம்தான். "இது சும்மா ஒரு ஆட்டம், திரும்பிடும்" என்று கணிப்பாளர் போனில் சொன்னார். பிறகு இன்னும் இறங்கியது. "பொறுங்க அத்தான், கிடங்குல சரக்கே இல்ல" என்றார். கிடங்கில் சரக்கு இல்லைதான். ஆலைகளுக்குத் தேவையும் இருந்தது. அவருடைய திருத்திய கணக்கில் எந்தப் பிழையும் இல்லை; விலைதான் அந்தக் கணக்கைப் படிக்கவில்லை. எல்லாரும் விழும் என்று சொன்னதால் வாங்குகிறவர்கள் வாங்காமல் இருந்துவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். எங்கோ ஒரு பெரிய ஆலை மூடியதால் என்று சிலர். எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த அறிக்கையில் எண்ணை ஏற்றலாமா என்று கேட்டபோது, இயக்குநர் அம்மாள் புன்னகையோடு, "எதுக்கு? அதையே வெச்சிருங்க. நல்லாத்தானே போகுது" என்றார்.

ஆக, அவர் டிவியில் விழும் என்று சொல்லிவிட்டு வந்து, போனில் அத்தானிடம் ஏறும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிவியில் சொன்னது பலித்துக்கொண்டிருந்தது. அத்தான் ஒரு நாள் தயங்கித் தயங்கி, "மச்சான், இப்பவாவது போட்டுடட்டுமா? முக்கால்வாசி முன்பணமாவது வரும். மீதிக்கு அலையலாம்" என்று கேட்டார். "இந்த விலைக்குப் போட்டா நஷ்டம் அத்தான். கொஞ்சம் பொறுங்க" என்றார் கணிப்பாளர். பின்னாளில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது முதலில் சொன்ன வார்த்தை இல்லை, இந்த இரண்டாவது வார்த்தைதான். முதலில் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை இருந்தது. இப்போது இருந்தது வெறும் பிடிவாதம்.

ஆண்டு முடிந்தபோது விலை, பல்வலி அன்று எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முன்பணம் தேறவில்லை. கட்டடம் வெளியாளுக்குப் போனது. மூட்டைகள் அந்த விலைக்குத்தான் வண்டியேறின. ஊருக்கு வெளியே ஒரு தகர ஷெட்டுக்கு வாடகையும் முன்பணமும் கொடுக்க அது போதுமாக இருந்தது.

அந்த வாரமே உலோக வியாபாரிகள் சங்கத்தில் கணிப்பாளருக்கு விருது கொடுத்தார்கள். ஆண்டின் மிகச் சரியான கணிப்பு. மண்டபம் நிறையக் கூட்டம். முன்வரிசையில் இயக்குநர் அம்மாள். கண்ணாடியில் செய்த கனமான ஒரு பொருளைக் கையில் கொடுத்து, மைக்கைக் காட்டினார்கள். அவர் முந்தின நாளே முடிவு செய்திருந்தார்.

"இது என் திறமை இல்லைங்க" என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு எனக்குப் பல்வலி. எண்களைக் கட்டம் மாத்திப் போட்டுட்டேன். நான் நிஜமா நம்பினது, விலை ஏறும்னுதான்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் பரவி, கைதட்டலாக மாறியது. "இல்லைங்க, நிஜமாத்தான் சொல்றேன்" என்றார். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். கீழே இறங்கியதும் ஒரு பெரியவர் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "பெரிய ஆளுங்ககிட்டதான் இந்த அடக்கம் இருக்கும்" என்றார். இன்னொருவர் காதருகே குனிந்து, "அடுத்த வருஷத்துக்குப் பல் எப்படி இருக்கு சார்?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். கணிப்பாளருக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. கண்ணாடிப் பொருளைக் காரின் பின்சீட்டில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அக்கா கடையைக் காலி செய்யும் நாள். போகாமல் இருக்க அவருக்கு நிறையக் காரணங்கள் இருந்தன. ஆனாலும் போனார்.

வண்டி வாசலில் நின்றது. பிளைவுட் தடுப்பைக் கழற்றியிருந்தார்கள். அது இல்லாமல் இரண்டு கடையும் சேர்ந்து பார்த்தால் இவ்வளவு சின்ன இடமா என்று தோன்றியது. மூட்டைகள் இருந்த மூலையில் சுவர் மட்டும் வேறு நிறத்தில், பழைய சுண்ணாம்போடு இருந்தது. அக்கா பூதக்கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றார்.

"கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன் தம்பி" என்றாள் அவள், நிமிராமலே. "இருக்கு. போயிடும். எப்பப் போகும்னு மட்டும் கேக்காதே."

"நான் உங்களை ஏமாத்தணும்னு..."

"தெரியும். ஊருக்கெல்லாம் எதையோ சொன்னே, எங்ககிட்ட மட்டும்தான் மனசுல இருந்ததைச் சொன்னே. அதுதான் பொறுக்க முடியல. ஏமாத்தியிருந்தா திட்டிட்டாவது போயிருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கம்பி சுற்றும் எந்திரத்தை வண்டியில் ஏற்றிவிட்டு அத்தான் உள்ளே வந்தார். இவரைப் பார்த்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். பிறகு, எப்போதும் போலக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு மச்சான். அந்த ஷெட்டுலயும் மூலைன்னு ஒண்ணு இருக்கு, அங்கயும் மூட்டை சேரத்தான் போகுது. அதுக்காகக் கேக்கறேன், அடுத்த வருஷம் காப்பர் எப்படி? சேர்த்து வைக்கலாமா, இல்ல வரவர போட்டுடலாமா?"

கணிப்பாளரின் கைகள் பழக்கத்தில் ஒன்றையொன்று தேடிக் கோத்துக்கொண்டன. வட்டி, கட்டுமானம், கிடங்கு எல்லாம் வழக்கம் போல வாய்வரை வந்துவிட்டன. அவர் கைகளைப் பிரித்துத் தொங்கவிட்டார்.

"தெரியாது அத்தான்."

அத்தான் இன்னும் கிட்டே வந்தார். மேற்கொண்டு ஏதோ வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"பரவாயில்ல. சொல்ல இஷ்டமில்லன்னா விடு."

"இஷ்டமில்லாம இல்ல. நிஜமாவே தெரியாது."

"ஊருக்கெல்லாம் தெரியுது. மேடை போட்டுப் பரிசு கொடுக்கறாங்க, நான் டிவியில பார்த்தேன். எங்களுக்குச் சொல்லும்போது மட்டும் தெரியாமப் போயிடுதா?" அந்தச் சாதுவான மனிதரின் குரல் உடைந்தது. மூட்டைகள் போன நாளில்கூட அவர் இப்படிப் பேசவில்லை. "நாங்க என்ன மச்சான் பண்ணினோம் உனக்கு?"

கணிப்பாளர் சொல்ல இருந்ததைச் சொல்லியாகிவிட்டது. பல்வலி என்று சொன்னபோது சிரித்தார்கள், மேடையில் சொன்னபோது கைதட்டினார்கள். இங்கே அது பகையாகப் போய்ச் சேர்ந்தது.

அக்கா பூதக்கண்ணாடிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். தம்பிக்கு எதிரே நின்று முகத்தைப் பார்த்தாள். வருகிறவர்கள் கையை நீட்டுவதற்கு முன்னால் அவர்கள் முகத்தைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு கணவனின் பக்கம் திரும்பினாள்.

"அவன் மறைக்கலைங்க. அவனுக்குத் தெரியாது."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா மேசை இருந்த இடத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் மோட்டாரோடு வந்தவர்களையெல்லாம் அந்த மேசைக்கு அனுப்பி வைத்த மனிதரைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியாதுங்க" என்றாள். "ஒரு நாளும் தெரிஞ்சதில்ல."

அத்தான் முதலில் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மனைவியையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. வெளியே வண்டிக்காரர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்.

கடையில் இன்னும் ஏற்றாமல் இருந்தது, கை பார்க்க வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்ச் ஒன்றுதான். கணிப்பாளர் போய் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தான் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வந்து குனிந்து மறுமுனையைப் பிடித்தார்.

"இதை எடுத்துட்டுப் போகணுமா?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"எடுங்க" என்றாள் அக்கா. "அங்கயும் யாராவது வருவாங்க."